‘பக்கத்து சீட்டைப் பாருங்கள், ஒருவர் தேறமாட்டார்’ - இந்த வசனத்தை மாற்றிய பல்கலைக்கழகத் தலைவர்! யார் இந்த ஃப்ரீமேன் ஹ்ரபவ்ஸ்கி?

2020-ம் ஆண்டு. கொரோனா அமெரிக்காவைப் புரட்டிப்போட்ட நேரம். அப்போது இரண்டு பேர் அடிக்கடி செய்திகளில் வந்தார்கள். ஒருவர் ஜெரோம் ஆடம்ஸ், அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல். மக்களுக்குச் சுகாதார ஆலோசனை சொல்லும் உச்சபட்ச அரசு மருத்துவர். இன்னொருவர் கிஸ்மெக்கியா கார்பெட். மாடர்னா தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட அரசு ஆய்வகத்தில் கொரோனா ஆராய்ச்சிக் குழுவை வழிநடத்திய இளம் விஞ்ஞானி.

இருவருமே கறுப்பினத்தவர். ஆனால் அதைவிட ஆச்சரியமான ஒற்றுமை ஒன்று உண்டு. இருவரும் படித்தது ஒரே கல்லூரி. இருவரும் வாங்கியது ஒரே ஸ்காலர்ஷிப். அந்தக் கல்லூரி ஹார்வர்டும் இல்லை, எம்ஐடியும் இல்லை. பால்டிமோர் நகரத்துக்கு வெளியே, 1966-ல்தான் திறக்கப்பட்ட ஓர் அரசுப் பல்கலைக்கழகம். பெயர், ‘மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுன்ட்டி’. சுருக்கமாக யுஎம்பிசி.

இந்த யுஎம்பிசியை 1992 முதல் 2022 வரை, அதாவது 30 ஆண்டுகள் தலைவராக இருந்து நடத்தியவர்தான் ஃப்ரீமேன் ஹ்ரபவ்ஸ்கி. அமெரிக்காவில் ‘பிரசிடென்ட்’ என்று சொல்லப்படும் இந்தப் பதவி, கிட்டத்தட்ட நம் ஊர் துணைவேந்தர் பதவி மாதிரி. அங்கே ஒரு பிரசிடென்ட் அஞ்சாறு வருஷம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். இவர் எப்படி 30 வருஷம் இருந்தார்? அப்படி என்னதான் செய்தார்? அவர் செய்தது உண்மையிலேயே வேலை செய்ததா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெயரிலேயே ஒரு வரலாறு

முதலில் அந்தப் பெயர். ஹ்ரபவ்ஸ்கி என்பது போலந்து நாட்டுப் பெயர். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு எப்படி வந்தது? அலபாமா மாகாணத்தில் அவருடைய முன்னோர்களை அடிமையாக வைத்திருந்தவர், போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஹ்ரபவ்ஸ்கி. எஜமானரின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அப்போ ‘ஃப்ரீமேன்’? அதற்குச் சுதந்திர மனிதன் என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தில் அடிமையாகப் பிறந்து பிறகு விடுவிக்கப்படாமல், பிறக்கும்போதே சுதந்திரமாகப் பிறந்த முதல் ஆள் இவருடைய தாத்தா. அதனால் அவருக்கு ஃப்ரீமேன் என்று பெயர் வைத்தார்கள். மகனுக்கும் அதே பெயர், பேரனுக்கும் அதே பெயர். நாம் பேசிக்கொண்டிருப்பது மூன்றாவது ஃப்ரீமேன். பெயரின் முதல் பாதி விடுதலை, இரண்டாம் பாதி அடிமைத்தனம்!

1950 ஆகஸ்ட் 13 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்தில் பிறந்தார். அம்மா, அப்பா இருவருமே ஆசிரியர்கள். ஆசிரியர் சம்பளத்தைவிட இரும்பு ஆலையில் கூடுதலாகக் கிடைத்ததால் அப்பா பின்னர் அந்த வேலைக்குப் போய்விட்டார். அம்மா ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர். பையனுக்குக் கணக்கு என்றால் உயிர்.

12 வயதில் 5 நாள் சிறை

1963-ல் பர்மிங்ஹாம், அமெரிக்காவிலேயே இனப்பாகுபாடு மிகக் கடுமையாக இருந்த நகரங்களில் ஒன்று. பள்ளி, பஸ், ஹோட்டல், குடிநீர்க் குழாய் எல்லாமே வெள்ளையர்களுக்குத் தனி, கறுப்பர்களுக்குத் தனி. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு, வெள்ளையர் பள்ளியில் கிழிந்துபோன பழைய புத்தகங்கள்தான் வரும்.

அந்த வருஷம் மார்ட்டின் லூதர் கிங் அங்கே போராட்டம் நடத்தினார். பெரியவர்கள் தெருவில் இறங்கினால் வேலை போய்விடும் என்ற பயம். அதனால் போராட்டக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஊர்வலத்துக்கு அழைப்பது! மே 2 அன்று தொடங்கிய இதைத்தான் வரலாறு ‘குழந்தைகளின் அறப்போர்’ என்கிறது.

அன்று 9-ம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த 12 வயது ஃப்ரீமேன், சர்ச்சின் பின்வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே கிங்கின் பேச்சைக் கேட்டதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஊர்வலம் போனால் நல்ல பள்ளிகள் கிடைக்கும் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, ‘நானும் போகணும்’ என்றார். பெற்றோர், ‘முடியாது’ என்றார்கள். ‘அவர் பேசுவதைக் கேட்கச் சொன்னீர்கள், அவர் சொன்னதைச் செய்யக் கூடாதா?’ என்று கோபப்பட்டிருக்கிறார். அன்று ராத்திரி பெற்றோர் தூங்கவில்லை. மறுநாள் காலையில் அழுத கண்களோடு வந்து, ‘உன்னைக் கடவுள் கையில் விடுகிறோம்’ என்கிற அர்த்தத்தில் அனுமதி கொடுத்தார்களாம்.

சிறுவர்கள் குழு ஒன்றை முன்னால் நின்று நடத்திப்போனார் ஃப்ரீமேன். நகர மன்றப் படிக்கட்டில் எதிரே நின்றவர், நாயையும் தண்ணீர்ப் பீரங்கியையும் பிள்ளைகள்மீது ஏவிய காவல் துறை ஆணையர் புல் கானர். என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். விடுதலைக்காக மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்ய வந்தோம் என்று பையன் பதில் சொன்னதும் முகத்தில் காறித் துப்பினார். அதன் பிறகு 5 நாட்கள் சிறை.

அந்தப் போராட்டத்தில் கைதான பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேல். கைதான மாணவர்களைப் பள்ளியிலிருந்து வெளியேற்றவும் கல்வி வாரியம் உத்தரவு போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, பர்மிங்ஹாமின் 16-வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து 4 சிறுமிகள் இறந்தார்கள். அதில் ஒருவர், சிந்தியா வெஸ்லி. ஃப்ரீமேனுக்குப் பள்ளித் தோழி.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘நல்ல பள்ளிக்காகப் பிள்ளைகள் ஜெயிலுக்குப் போன ஊரிலிருந்து வந்தவன்’ என்கிற நினைவு, அவர் பின்னாளில் எடுத்த ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் இருந்தது.

24 வயதில் பிஎச்.டி

படிப்பில் வேகம். ஹாம்ப்டன் கல்லூரியில் கணிதத்தில் பட்டம் வாங்கியபோது வயது 19. அது கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான வரலாற்றுச் சிறப்புள்ள கல்லூரி. பிறகு இலினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெயின். 1971-ல் கணிதத்தில் முதுகலை, 1975-ல் உயர்கல்வி நிர்வாகமும் புள்ளியியலும் சேர்ந்த பாடத்தில் பிஎச்.டி. அப்போது வயது 24.

இலினாயில் கணித வகுப்புக்குப் போனால் பல நேரம் அவர் மட்டும்தான் கறுப்பினத்தவர். இந்தத் தனிமை அவரை ஒரு கேள்வி கேட்க வைத்தது. கணக்கும் அறிவியலும் படிக்க ஆசைப்பட்டு வரும் கறுப்பின மாணவர்கள் நடுவழியில் எங்கே காணாமல் போகிறார்கள்? கணித மாணவராக இருந்தவர் கல்வி ஆய்வாளராக மாறியது இங்கேதான்.

அடுத்து பால்டிமோரில் இருக்கும் காப்பின் ஸ்டேட் கல்லூரியில் சுமார் 10 ஆண்டுகள் டீன், துணைத் தலைவர் பொறுப்புகள். 1987-ல் யுஎம்பிசிக்கு வந்தார்.

யுஎம்பிசியில் என்ன பிரச்னை?

மேரிலாண்ட் மாகாணத்தில், தொடங்கிய நாள் முதலே எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் யுஎம்பிசி. கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா உள்ளே நிலைமை வேறு. அவர் வந்த காலத்தில் கறுப்பின மாணவர்கள் போராட்டத்தில் இருந்தார்கள். அட்மிஷன் கிடைக்கிறது, ஆனால் படித்து முடிக்க முடியவில்லை. குறிப்பாக அறிவியல் பாடங்களில் கறுப்பின மாணவர் ஒருவர் ‘ஏ’ கிரேடு வாங்குவதே அபூர்வம்.

அமெரிக்க அறிவியல், இன்ஜினீயரிங் வகுப்புகளில் ஒரு பழைய வசனம் உண்டு. முதல் நாள் பேராசிரியர் வந்து, ‘உங்கள் இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள். மூவரில் ஒருவர் தேறமாட்டார்’ என்பார். மாணவர்களை வடிகட்டுவதுதான் தரத்துக்கு அடையாளம் என்ற எண்ணம். பாதிப் பேர் ஃபெயிலானால், ‘அடேயப்பா, எவ்வளவு கஷ்டமான பாடம்’ என்று அந்தத் துறைக்கே பெருமை.

ஹ்ரபவ்ஸ்கி இதைத் தலைகீழாகத் திருப்பினார். நன்றாகப் படித்து, நல்ல மார்க்கோடு உள்ளே வந்த பிள்ளை முதல் வருஷமே விழுகிறது என்றால் அது பிள்ளையின் குறையா, நம் குறையா? வசனத்தை இப்படி மாற்றச் சொன்னார்: ‘இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள். நீங்கள் மூவரும் பட்டம் வாங்குவதை உறுதி செய்வதுதான் எங்கள் வேலை’.

வசனம் பேசுவது சுலபம். செய்வது?

5 லட்சம் டாலரும் 19 மாணவர்களும்

1988-ல் ராபர்ட் மேயர்ஹாஃப் என்ற பால்டிமோர் தொழிலதிபர் இவரைச் சந்தித்தார். ரியல் எஸ்டேட் தொழில், குதிரை வளர்ப்பு, ஓவியச் சேகரிப்பு என்று இருந்தவர். டிவியைத் திறந்தால் கறுப்பின இளைஞர்கள் ஒன்று விளையாட்டு வீரர், இல்லை குற்றவாளி என்று மட்டுமே காட்டப்படுகிறார்களே என்பது அவருடைய வருத்தம். அறிவியலில் சாதிக்கும் கறுப்பின இளைஞர்களை உருவாக்கலாம் என்றார் ஹ்ரபவ்ஸ்கி. ராபர்ட்டும் அவர் மனைவி ஜேனும் கொடுத்த 5 லட்சம் டாலரில் தொடங்கியது ‘மேயர்ஹாஃப் ஸ்காலர்ஸ் திட்டம்’.

1989-ல் முதல் பேட்ச். 19 பேர், எல்லோரும் கறுப்பின ஆண்கள். அடுத்த ஆண்டு பெண்களும் சேர்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இது பணம் கொடுத்து ‘போய்ப் படி’ என்று விட்டுவிடும் ஸ்காலர்ஷிப் இல்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது தெரியுமா?

கோடைக்கால முன்பயிற்சி: கல்லூரி தொடங்குவதற்கு முன்பே 6 வாரம் வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். கணக்கு, அறிவியல் வகுப்புகளோடு கல்லூரி வாழ்க்கைக்கான பழக்கமும் அங்கேயே தொடங்கும்.

கூட்டுப் படிப்பு: முதல் வருஷம் எல்லோரும் ஒரே விடுதி. குழுவாகத்தான் படிக்கணும். ‘எனக்குப் புரிஞ்சிடுச்சு, நான் தூங்கப் போறேன்’ என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவருக்குப் புரிய வைப்பதும் உங்கள் வேலை.

‘சி’ வாங்கினால் திரும்பப் படி: இதுதான் பலருக்கு ஆச்சரியம். அடிப்படை அறிவியல் பாடத்தில் ‘சி’ கிரேடு என்றால் பாஸ்தான். ஆனாலும் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அஸ்திவாரம் ஆடினால் மேல்மாடி நிற்காது என்பது கணக்கு. நம் பார்வையில் சொன்னால், பாஸான பேப்பரையே அரியர் மாதிரி திரும்ப எழுதுவது!

முதல் வருஷத்திலிருந்தே லேப்: உண்மையான ஆராய்ச்சியில் மாணவர்களை இறக்கிவிடுவது. எச்ஐவி வைரஸின் கட்டமைப்பை ஆராயும் வேதியியல் பேராசிரியர் மைக்கேல் சம்மர்ஸின் ஆய்வகத்தில் இளங்கலை மாணவர்கள்தான் நிறைந்திருப்பார்கள்.

உதவி கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை: நல்லா படிப்பவர்களும் டியூட்டரிடம் போக வேண்டும். ஏ கிரேடு எடுப்பவர்தான் அதிகமாக உதவி கேட்பவராக இருக்க வேண்டும் என்கிற மனநிலையை உருவாக்கினார்கள்.

2013-ல் டெட் மேடையில் பேசியபோது இதையெல்லாம் நான்கு தூண்களாகச் சுருக்கிச் சொன்னார் ஹ்ரபவ்ஸ்கி. மாணவர்களிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு வைப்பது, மாணவர்களுக்குள் ஒரு சமூகத்தை உருவாக்குவது, ஆராய்ச்சியாளர்களே ஆராய்ச்சியாளர்களை உருவாக்குவது, மாணவர்களை நேரடியாக அறிந்து அக்கறை காட்டும் ஆசிரியர்கள். இவைதான் அந்த நான்கு.

வேலை செய்ததா? எப்படித் தெரியும்?

இங்கேதான் அவருக்குள் இருந்த புள்ளியியல்காரர் வெளியே வருகிறார்.

‘எங்கள் மாணவர்கள் ஜெயித்தார்கள்’ என்று எந்தக் கல்லூரியும் போஸ்டர் அடிக்கலாம். உடனே வரும் கேள்வி, ‘நீங்கள் பொறுக்கி எடுத்ததே கெட்டிக்காரப் பிள்ளைகளை. அவர்கள் எங்கே போனாலும் ஜெயித்திருப்பார்களே?’ நியாயமான கேள்விதான்.

இதற்கு விடை சொல்ல ஆரம்பத்திலிருந்தே ஓர் ஏற்பாடு செய்தார்கள். மேயர்ஹாஃப் திட்டத்தில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்று வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போன மாணவர்களையும் தொடர்ந்து கண்காணித்தார்கள். இரண்டு தரப்பும் உள்ளே நுழையும்போது ஏறக்குறைய ஒரே தகுதி. அப்போ வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்க்கலாம் அல்லவா?

முடிவு என்ன? அறிவியல், இன்ஜினீயரிங் துறைகளில் பிஎச்.டி அல்லது எம்.டி-பிஎச்.டி படிப்பில் சேரும், முடிக்கும் வாய்ப்பு, வேறு இடத்துக்குப் போனவர்களைவிட மேயர்ஹாஃப் மாணவர்களுக்கு சுமார் 5 மடங்கு அதிகம். மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்ந்த எம்.டி-பிஎச்.டி பட்டத்தை முடிக்கும் கறுப்பினத்தவர்களில் மிக அதிகமானவர்கள் இளங்கலை படித்த இடம் என்ற பெயரும் யுஎம்பிசிக்குக் கிடைத்தது.

நிபுணர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். ‘இது ஹ்ரபவ்ஸ்கி என்கிற தனி மனிதரின் மேஜிக்காக இருந்தால்?’ அவர் இல்லாத இடத்தில் நடந்தால்தானே அது முறை. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவோடு பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும், நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்திலும் இதே மாதிரித் திட்டங்கள் தொடங்கின. 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அந்த இரு இடங்களிலும் மாணவர்கள் அறிவியலிலேயே நீடிப்பதும் அவர்களின் மதிப்பெண்களும் மேயர்ஹாஃப் திட்டத்தோடு ஒப்பிடும் அளவில் இருந்தன. அதன் பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியாகோ வளாகங்களும் இந்த வழியில் இறங்கின.

கோர்ட் போட்ட பிரேக்

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. 1994-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் காலேஜ் பார்க் வளாகத்தில் கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட வேறொரு ஸ்காலர்ஷிப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. அது யுஎம்பிசிமீது போடப்பட்ட வழக்கு இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் பிடித்த நெருப்பு மாதிரி. 1996-ல் மேயர்ஹாஃப் திட்டம் எல்லா இன மாணவர்களுக்கும் திறக்கப்பட்டது. அறிவியலில் சிறுபான்மையினரின் பங்கை உயர்த்துவதில் அக்கறை இருக்க வேண்டும் என்பது மட்டும் விண்ணப்பிப்பவர்களுக்கான எதிர்பார்ப்பு.

திட்டம் செத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. சாகவில்லை. 2001-ல் சேர்ந்து 2005-ல் முடித்தாலும் சரி, 2008-ல் பட்டம் வாங்கிய கிஸ்மெக்கியா கார்பெட்டாக இருந்தாலும் சரி, எல்லாருமே இப்படித் திறந்துவிடப்பட்ட பிறகு வந்த தலைமுறை.

இது இன்றைக்கு ஏன் முக்கியம்? 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கே கிட்டத்தட்டத் தடை போட்டுவிட்டது. ‘அடுத்து என்ன?’ என்று பல்கலைக்கழகங்கள் கையைப் பிசைகின்றன. யுஎம்பிசி அந்தக் கேள்வியை 27 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டது. யாரை உள்ளே விடுகிறோம் என்பதோடு, உள்ளே வந்தவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதிலும் பாதி விடை இருக்கிறது என்பதுதான் அதன் அனுபவம்.

எல்லா மாணவர்களுக்குமான மாற்றம்

சரி, ஸ்காலர்ஷிப் வாங்கும் சில டஜன் பேருக்கு இவ்வளவு செய்தாச்சு. மீதி ஆயிரக்கணக்கானவர்கள்?

நாடு முழுவதற்குமான ஒரு கணக்கை டெட் உரையில் சொன்னார். அறிவியல், இன்ஜினீயரிங்கில் சேரும் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களில் அதிலேயே பட்டம் முடிப்பவர்கள் 20 சதவீதம்தான். சரி, அவர்களுக்கு வாய்ப்பு குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளையர்களில்? 32 சதவீதம். ஆசிய அமெரிக்கர்களில்? 42 சதவீதம். அதாவது, எந்தப் பிரிவை எடுத்தாலும் பாதிக்கும் மேலானவர்கள் வெளியேறுகிறார்கள். ‘இது ஏதோ கறுப்பினத்தவர் பிரச்னை’ என்று ஒதுக்க முடியாது. பாடம் நடத்தும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

அதனால் முதலாண்டுப் பாடங்களிலேயே கை வைத்தார்கள். பெரிய ஹாலில் ஒருவர் பேச, நூற்றுக்கணக்கானவர்கள் குறிப்பெடுக்கும் முறையோடு நிறுத்தாமல், வேதியியலுக்கு ‘டிஸ்கவரி சென்டர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துக்கொண்டு கணக்குகளை அவர்களே தீர்க்க வேண்டும். தேர்ச்சி கூடியது. அதைப் பார்த்து மற்ற துறைகளும் பாடங்களை மாற்றி அமைத்தன. மேயர்ஹாஃபில் கற்ற பாடம் இப்படித்தான் வளாகம் முழுக்கப் பரவியது.

பேராசிரியர்கள் உடனே ஒத்துக்கொண்டார்களா? இல்லை. ‘மார்க்கை அள்ளிப்போடச் சொல்றீங்களா?’ என்ற சந்தேகம் எந்தக் கல்லூரியிலும் வரும். அவர் வழி, உத்தரவு போடுவது இல்லை. டேட்டாவை முன்னால் வைப்பது. எந்தப் பாடத்தில், எந்த மாதிரி மாணவர்கள், எத்தனை பேர் விழுகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டி, ‘என்ன செய்யலாம்?’ என்று அவர்களிடமே கேட்பது. 2019-ல் சக நிர்வாகிகள் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘தி எம்பவர்ட் யுனிவர்சிட்டி’ புத்தகம் பேசுவது இதைத்தான். ஒரு பல்கலைக்கழகம் தன்னைத்தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் மாற்றம் வரும் என்பது அவர் வாதம்.

செஸ் டீமுக்கு மேளதாளம்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் டீம்தான் ராஜா. யுஎம்பிசி அந்த ஆட்டத்துக்கே போகவில்லை. இங்கே கொண்டாடப்பட்டது செஸ் டீம். தேசிய அளவில் பட்டங்களைக் குவித்த அந்த டீமுக்கு, மற்ற கல்லூரிகள் ஃபுட்பாலுக்குச் செய்கிற ஆரவாரம் அத்தனையும் உண்டு. படிப்பில் கெட்டியாக இருப்பது கூச்சப்படுகிற விஷயம் இல்லை, கெத்து என்பதை வளாகத்தின் பழக்கமாக்கினார்.

ஆனா விதி ஒரு வேடிக்கை செய்தது. 2018 மார்ச் 16 அன்று தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில், 16-வது தரவரிசையில் இருந்த யுஎம்பிசி ஆண்கள் அணி, முதல் தரவரிசையில் இருந்த வர்ஜினியாவை 74-54 என்று புரட்டி எடுத்தது. அதுவரை ஆண்கள் போட்டியில் 16-வது இடத்து அணிகள் முதலிடத்து அணிகளோடு மோதிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. ஒரே ராத்திரியில் நாடு முழுக்க, ‘யுஎம்பிசின்னா என்ன?’ என்று தேட ஆரம்பித்தது. தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது ஒரு விஞ்ஞானிகள் பட்டறை!

விருதுகள், பொறுப்புகள்

2009-ல் அமெரிக்காவின் 10 சிறந்த கல்லூரித் தலைவர்களில் ஒருவர் என்றது ‘டைம்’ இதழ். 2012-ல் உலகின் 100 செல்வாக்குமிக்க மனிதர்கள் பட்டியலிலும் சேர்த்தது. அதே 2012-ல் கறுப்பின அமெரிக்கர்களின் கல்வி மேம்பாட்டுக்கான ஆலோசனை ஆணையத்துக்கு ஒபாமா இவரைத் தலைவராக நியமித்தார். அறிவியலில் சிறுபான்மையினரின் பங்கைப் பற்றித் தேசிய அகாடமிகள் வெளியிட்ட முக்கியமான அறிக்கையைத் தயாரித்த குழுவுக்கும் இவர்தான் தலைவர்.

2022-ல் யுஎம்பிசி, அமெரிக்காவின் உச்சகட்ட ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுக்கான ‘ஆர்-1’ தகுதியைப் பெற்றது. அதே ஆண்டு ஹோவர்ட் ஹியூஸ் நிறுவனம் 150 கோடி டாலரில் இளம் விஞ்ஞானிகளுக்கான திட்டம் ஒன்றை அறிவித்து, அதற்கு இவருடைய பெயரையே வைத்தது. தேர்வாகும் ஒவ்வொருவருக்கும் 10 ஆண்டுகளில் 86 லட்சம் டாலர் வரை ஆதரவு.

மறுபக்கம் இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

2018-ல் பாலியல் வன்முறைப் புகார்களை நிர்வாகம் சரியாகக் கையாளவில்லை என்று யுஎம்பிசி வளாகத்தில் மாணவர்கள் போராடினார்கள், வழக்கும் வந்தது. அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித் துறை தன் விசாரணை முடிவை வெளியிட்டது. 2015 முதல் 2020 வரை நீச்சல் அணியின் பயிற்சியாளர் ஒருவர் மாணவர்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதையும், பல்கலைக்கழகம் அதற்கு உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியதையும் அது விவரித்தது. அடுத்த மாதம் 41.4 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அறிக்கை வந்தபோது ஹ்ரபவ்ஸ்கி பதவியில் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகள் முழுக்க அவர்தான் தலைவர்.

மாணவர் தோற்றால் அது நிறுவனத்தின் தோல்வி என்று சொன்ன மனிதர் அவர். அந்த அளவுகோலை வகுப்பறைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நீச்சல் குளத்துக்கு வைக்காமல் இருக்க முடியாது. அவர் கட்டிய பல்கலைக்கழகம் பல நூறு மாணவர்களைத் தாங்கிப் பிடித்தது உண்மை. சில மாணவர்களைக் கைவிட்டதும் உண்மை. 30 ஆண்டு காலத்தை எடைபோடும்போது இரண்டையும் தட்டில் வைத்துத்தான் ஆகவேண்டும்.

திட்டத்துக்கும் எல்லைகள் உண்டு. ஏற்கெனவே பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகளைத்தான் மேயர்ஹாஃப் தேர்ந்தெடுக்கிறது. விடுதி, வழிகாட்டி, லேப் என்று செலவும் அதிகம். பள்ளிப் படிப்பே சரியாகக் கிடைக்காத பிள்ளைகளுக்கு இதில் நேரடியான விடை இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

2022 ஜூனில் ஹ்ரபவ்ஸ்கி ஓய்வுபெற்றார். அடுத்த தலைவராக வந்தவர் வேதியியலாளர் வலேரி ஷியர்ஸ் ஆஷ்பி, கறுப்பினப் பெண்மணி. தனி மனிதர் போன பிறகும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கல்லூரியின் தரத்தை நாம் வழக்கமாக எப்படி அளக்கிறோம்? உள்ளே வருவது எவ்வளவு கஷ்டம், கட்-ஆஃப் எவ்வளவு, எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறது. ஹ்ரபவ்ஸ்கியின் கேள்வி வேறு: உள்ளே வந்த பிள்ளை நான்கு வருஷம் கழித்து, தான் படிக்க ஆசைப்பட்டதைப் படித்து முடித்ததா? முடிக்கவில்லை என்றால் எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில், யாருமே கவனிக்காமல் நழுவியது?

இந்தக் கணக்கை எடுக்கப் பெரிய பணம் தேவையில்லை. எந்தக் கல்லூரியும் தன் முதலாண்டு மார்க் பட்டியலை எடுத்துவைத்து இன்றைக்கே தொடங்கலாம். வரும் பதிலைப் பார்த்துவிட்டு, ‘பசங்க சரியில்லை’ என்று மூடிவைக்காமல் இருக்கத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும்.